பழைய கிணறும் புதிய கிணறும்

தோட்டத்து லயத்தில் குடியிருந்தவரை குடிநீர், நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் கிராணியிடம் போய்ச் சொன்னோம். தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்த நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு நிலைமை வேறு. அரசாங்கக் குழாய் எட்டாத இடத்தில் கிணறே துணை. அந்தக் கிணறு கெட்டுவிட்டால், அதற்குப் பதிலாக ஆழ்குழாய்க் கிணறு போடும்போது கவனிக்க வேண்டியவற்றை இன்று பார்ப்போம்.

முதலில், பழைய கிணறு ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். பம்பு பழுதாகியிருக்கலாம், குழாயில் மணலோ இரும்புத் துருவோ அடைத்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே தண்ணீர் வந்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருந்தால், இன்னும் ஆழத்திலுள்ள நீரைத் தேட வேண்டும். தண்ணீர் நாறினாலோ, குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலோ, அருகிலுள்ள மலக்குழியையும் மாட்டுக்கொட்டகையையும் பார்க்க வேண்டும். அழுக்கு வரும் வழியை விட்டுவிட்டு, பத்தடி தள்ளிப் புதுக்கிணறு போட்டால் அதே அழுக்கு அங்கேயும் வரும்.

ஏனென்றால், நிலத்தடி நீர் கிணற்றுக்குக் கிணறு தனித்தனியாக இருப்பதில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மணலிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கி, மெல்ல நகர்கிறது. நம் கிணறும் அடுத்த வீட்டுக் கிணறும் பெரும்பாலும் ஒரே நீரைத்தான் எடுக்கின்றன. ஆகவே மலக்குழியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, மேட்டுப்பக்கமாக இடம் தேர்ந்தெடுங்கள். உரமூட்டையும் களைக்கொல்லி டின்னும் வைக்கும் கொட்டகை அந்தப் பக்கமே வேண்டாம். உரத்திலுள்ள நைட்ரேட் நீரில் கலந்தால், கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அத்தகைய நீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் உடல் நீலம் பாயும் ஆபத்து உண்டு.

வேலையைத் தொடங்குமுன் மாநில நீர் நிர்வாகத்திடமும், கனிம, புவி அறிவியல் துறையிடமும் விதிமுறைகளைக் கேட்டறியுங்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் விசாரியுங்கள்.

இயந்திரம் துளையிட்டதும் உள்ளே குழாய் இறக்குவார்கள். நீர் ஊறும் ஆழத்தில் மட்டும் அக்குழாயில் சிறு பிளவுகள் இருக்கும். அதைச் சுற்றிப் பொடிக்கல் கொட்டுவார்கள். மண் நின்றுவிடும், நீர் உள்ளே வரும். மேற்பகுதியில் குழாய்க்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பால் அடைக்க வேண்டும். செலவைக் குறைக்கச் சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், மழை பெய்யும்போதெல்லாம் முற்றத்து அழுக்கு குழாயை ஒட்டியே கீழிறங்கும். வேலை நடக்கையில் நீங்களே அருகில் நின்று பாருங்கள்.

குழாயின் வாய் தரைக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்டுத் தளமும் வடிகாலும் வேண்டும். 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோது பல கிணறுகள் மூழ்கின. வெள்ளம் ஏறும் இடமென்றால் கிணற்றின் வாயை அதற்கேற்ப உயர்த்துங்கள். ஒருமுறை மூழ்கிய கிணற்றைச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தாதீர்கள்.

நீரின் அளவை ஒரு வாளியைக் கொண்டே அறியலாம். 20 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால், ஒரு மணி நேரத்தில் 1,200 லிட்டர். ஆளுக்கு 200 லிட்டர் என்றால், ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு அது போதும். ஆனால் அரைமணி நேரம் இறைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல மணி நேரம் தொடர்ந்து இறைத்தும் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். பிறகு குளோரின் இட்டு 12 மணி நேரம் விட்டு, அதன் வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். நீரைப் பரிசோதித்த பிறகே குடியுங்கள். பரிசோதனைக்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

இனி, பலர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு: பழைய கிணற்றை மூடுவது. திறந்து கிடக்கும் கிணற்றில் குழந்தை விழலாம், கொசு பெருகும். குப்பையையும் ஓட்டைச் சாமான்களையும் போட்டு நிரப்பினாலோ, அந்த நஞ்செல்லாம் புதுக்கிணற்று நீரில் கலக்கும். பழைய கிணறு, மேலுள்ள அழுக்கு நிலத்தடி நீருக்கு நேராக இறங்கும் வழி. ஆகவே பம்பையும் குப்பையையும் வெளியே எடுத்து, குளோரின் இட்டு, நீருள்ள ஆழம்வரை சுத்தமான மணலோ சரளையோ போடுங்கள். அதற்கு மேல் களிமண்ணை இடித்து இறுக்கி, உச்சியைச் சிமெண்டால் மூடுங்கள். பழையது குழாய்க் கிணறென்றால், அடியிலிருந்து மேல்வரை சிமெண்டுக் குழம்பு செலுத்த வேண்டும்; அதைத் தொழில் தெரிந்தவர்களிடமே விடுங்கள்.

இவ்வேலைக்காக யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். உள்ளே மூச்சுக்காற்று இல்லாமலோ நச்சுக்காற்று தேங்கியோ இருக்கலாம். எண்ணெயில் ஓடும் பம்பை உள்ளே இறக்கினால் அதன் புகையே ஆளைக் கொல்லும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே மாண்ட சம்பவங்கள் உண்டு. எட்டாத குப்பையை எடுக்கவும் தக்க கருவி உடையவர்களையே அழையுங்கள்.

புதுக்கிணற்றுக்குப் பணம் ஒதுக்கும்போதே பழையதை மூடும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டும் முடிந்தால்தான் அந்த வீட்டுக்கு நல்ல தண்ணீர்.