வீக்கம் வடிந்தால் சுளுக்கு ஆறிவிட்டதா?

தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டியில் கணுக்கால் பிசகுவதற்கு வழிகள் நிறைய. நடவு நேரத்தில் சேறு படிந்த வரப்பு வழுக்கும். மண்ணைக் கொத்திவிட்ட திராட்சைத் தோட்டத்தில் கட்டி தட்டும். விடிகாலையில் ஜீப் ஏறிக் கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிவெல்லாம் ஈரமும் சருகுமாக இருக்கும். பாதம் உள்பக்கம் மடங்குகிறது, வெளிக்கணுவுக்குக் கீழே சுரீரென்கிறது. அன்றைக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். நாலைந்து நாளில் வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் அந்தக் காலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கால் மறுபடி மறுபடி பிசகுவதற்குப் பெரும்பாலும் இந்த அலட்சியமே காரணம்.

உள்ளே நடப்பது

வெளிக்கணுவை மூன்று ஜவ்வுகள் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றில் முன்பக்கம் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் காயப்படும். ஜவ்வு இழுபட்டதோடு நின்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் நடை சரியாகும். பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரம் வரை ஆகலாம். முழுதும் அறுந்திருந்தால் மூன்று மாதமும் ஆகும். வலி போன பிறகும் ஜவ்வு தன் பழைய உறுதிக்குத் திரும்பப் பல மாதங்கள் பிடிக்கும்.

எக்ஸ்ரே யாருக்கு வேண்டும்?

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த எளிய விதி ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் போன பிறகும் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணு எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலித்தாலும், பாதத்தின் வெளி ஓர நடு எலும்பிலோ உள்பக்க வளைவின் மேலேயோ வலித்தாலும் அப்படியே. உத்தமபாளையமோ கம்பமோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. ‘எலும்பு முறியலை’ என்று சொன்னார்கள் என்பதற்காக மறுநாளே களை வெட்டப் போகக் கூடாது.

உருவிவிடும் முன்

சுளுக்கு வழிப்பவர்கள் மீது ஊரில் நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கையோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. ஆனால் முதல் சில நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், சொடக்கெடுப்பதும், சூடான ஒத்தடமும் உள்ளே கசியும் ரத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டும். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது அதைவிட ஆபத்து. விரல் நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், சில்லிட்டால் கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். துண்டில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுக்கலாம். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கி அளவாகச் சுற்றலாம். படுக்கும்போது தலையணை மேல் காலைத் தூக்கி வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் வைக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் மறுபரிசோதனை

நம் ஊரில் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். அடிபட்ட அன்று வலியிலும் வீக்கத்திலும் காலைத் தொடவே விடமாட்டோம். நாலைந்து நாள் கழித்து மருத்துவர் பாதத்தை முன்னால் இழுத்துப் பார்க்கும்போதுதான் ஜவ்வு அறுந்திருக்கிறதா என்பது தெளிவாகப் பிடிபடும். கணுக்காலைத் தாங்கும் பிரேஸ் வேண்டுமா, எந்தப் பயிற்சி, எத்தனை வாரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகும். முதல் நாள் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அதையும் கொண்டுபோங்கள்.

கட்டை விரலால் எழுதுங்கள்

ஜவ்வு வெறும் கயிறல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. அவையும் காயப்படுவதால் வலி போன பிறகும் கால் தடுமாறுகிறது. இதற்கு மாத்திரை கிடையாது, பயிற்சிதான் உண்டு.

வலி தாங்கும் அளவுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, கால் கட்டை விரலால் காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதுங்கள். நீட்டிய காலின் பாதத்தில் துண்டை மாட்டி மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். தரையில் ஊன்றி நிற்க முடிந்ததும் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். கடைசியாக ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. அது பழகியதும் அப்படியே நின்று பல் துலக்கிப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

வேலைக்கு எப்போது?

கூலி போகும் கவலையில் இருப்பவரிடம் ‘ஓய்வெடு’ என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. ஆறு வாரம் படுத்தே கிடக்கவும் தேவையில்லை. உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பது போன்ற வேலையைச் சீக்கிரமே தொடங்கலாம். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தவும், அதே காலில் சிறிதாகக் குதிக்கவும் வலியில்லாமல் முடிந்த பிறகே சரிவுக்கும், சேற்று வரப்புக்கும், கபடிக்கும் போக வேண்டும். தொடக்கத்தில் பிரேஸ் போட்டுக்கொள்வது நல்லது. ஜீப்பிலிருந்து குதிக்காமல் கம்பியைப் பிடித்து இறங்குங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஆறு வாரம் பயிற்சி செய்தும் சமதரையிலேயே கால் மடங்கினால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.