தேயிலைக் கிளையும் சிறு வண்டும்

அவிசாவளையிலிருந்து மலையேறும் பெருந்தெரு கினிகத்தேனையை அடையும்போது இருமருங்கும் தேயிலை மலைகள் விரிகின்றன. அங்கே கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை பட்ட மாத்திரத்திலேயே பசுங்கிளை யொன்று முறிந்து விழுவதுண்டு. முறிந்த இடத்தை உற்று நோக்கினால், பென்சிற் கரி நுழையத்தக்க துளையொன்று தென்படும். கிளை போனால் கொழுந்தும் போயிற்று. கொழுந்தின் நிறையை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

துளையிட்டது மூன்று மில்லிமீற்றர் நீளமும் இல்லாத ஒரு கரிய பெண் வண்டு. கடுங்குளிர் நிலவும் உயர்மலைகளை விட, கினிகத்தேனை போன்ற நடுமலைப் பகுதிகளே இதற்கு ஏற்ற உறைவிடம். வண்டு மரத்தைத் துளைக்கிறதே யன்றி உண்பதில்லை. தன் வாயில் ஒரு பூஞ்சணத்தின் வித்துகளைச் சுமந்து வந்து, துளையின் சுவரில் விதைக்கிறது. அங்கு விளையும் பூஞ்சணமே தாய்க்கும் புழுக்களுக்கும் உணவு. இப்பூஞ்சணத்தை ஆராய்ந்து, காட், லூஸ் என்னும் அறிஞர் இருவர் 1947 ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டனர்.

ஒரே மலையில் ஒரு செடி நலிய, அடுத்த செடி தப்புவதேன்? விடை பரம்பரையில் உள்ளது. தேயிலை பெரும்பாலும் அயன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. ஆதலால் விதையிலிருந்து முளைத்த ஒவ்வொரு செடியும் தனித்தன்மை உடையது. ஒரு தாய்ச்செடியின் இலைத்துண்டிலிருந்து வளர்த்த வி.பி. தேயிலையோ அத்தாயின் குணங்களை அப்படியே கொண்டது. தாய்க்கு வண்டை எதிர்க்கும் வலிமை இருந்தால் மலை முழுவதற்கும் அது உண்டு. இல்லையேல் மலை முழுவதற்கும் இல்லை.

அவ்வலிமை எத்தகையது? பூச்சிகள் தம் உருமாற்றத்திற்கு வேண்டிய ஸ்டெரோல் என்னும் பொருளைத் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டா. உணவிலிருந்தே பெற வேண்டும். தேயிலையிலுள்ள அல்பா-ஸ்பினாஸ்டெரோலும் வெப்பநிலையும் வண்டின் தாக்கத்தை நிர்ணயிக்கும் காரணிகளுள் அடங்கும் என, 1976 இல் இலங்கை ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை யொன்று கூறியது.

நஞ்சு தெளித்தால் ஆகாதா எனக் கேட்கலாம். அதற்கு வரலாறே விடை தருகிறது. இலைகளை நூலாற் பிணைத்துத் தின்னும் இலைச்சுருட்டிப் புழு ஒருகாலத்தில் நம் தோட்டங்களைப் பெரிதும் வருத்திற்று. அதனை அடக்க 1935-36 இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொணரப்பட்டது. குளவியின் குஞ்சுகள் புழுவின் உடலினுள் வளர்ந்து அதனை அழித்தன. புழுவின் கொடுமை தணிந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் துளைவண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகிற்று.

செடி, வண்டு, பூஞ்சணம், புழு, குளவி ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. ஆகவே 1925 இல் தோன்றி, தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் பணி, விளைச்சல் மிகுந்த செடியைத் தேடுவதோடு அமைவதில்லை. பீடையைத் தாங்கும் செடியையும் தேட வேண்டியுள்ளது. இன்று நாற்றுமேடையில் ஊன்றும் இலைத்துண்டு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலையில் நிற்கக் கூடியது. அதன் தாய் எது என்பதை நன்கு ஆராய்ந்து ஊன்றினால், அம்மலையில் நாளை கொழுந்தெடுக்க வரும் பெண்ணின் கையில் கிளை முறியாது.