பெட்ரோல் ரிமோட் கார்: புகைபோக்கிக் குழாய் இணைப்புகளில் கசிவை அடைத்தல்

உண்மையான வண்டியின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டு, பெட்ரோல் இன்ஜினால் ஓடும் ரிமோட் கார்கள் பொம்மைக் கடைப் பொருள்கள் அல்ல. சுமார் 80 செ.மீ. நீளமும் 10 கிலோவை ஒட்டிய எடையும் கொண்டவை. பெரும்பாலானவற்றில் 23 முதல் 30 சி.சி. வரையிலான டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். ஜப்பானின் செனோவா நிறுவனம் செய்த 22.5 சி.சி., 25.4 சி.சி. இன்ஜின்கள் இவ்வகைக் கார்களில் பரவலாகப் பயன்பட்டவை. அந்த நிறுவனத்தை 2007-இல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா வாங்கியது. மரம் அறுக்கும் ரம்பத்திலும் புல்வெட்டியிலும் உள்ள இன்ஜின்களின் குடும்பம்தான் இது. அதனால் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் காரும் அந்நியமாகத் தோன்றாது.

எரிந்த வாயு இன்ஜினிலிருந்து வெளியேறும் வழியில் இரண்டு இணைப்புகள் உள்ளன. முதலாவது, இன்ஜின் சிலிண்டரும் வளைந்த பெண்ட் பைப்பும் சேரும் இடம். இங்கே தட்டையான ஃபிளேஞ்ச், அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு கேஸ்கட், இறுக்கிப் பிடிக்க போல்ட்டுகள். இரண்டாவது, பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒன்றில் ஒன்று நுழையும் அல்லது சிலிக்கோன் குழாயால் இணையும் இடம். கசிவு என்று வந்தால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

கசிந்தால் என்ன?

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் லேசாகக் கசிந்தால் சத்தம் கூடும். பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி விட முடியாது. இதில் புகைக்குழாய் இன்ஜினின் ஓர் உறுப்பாகவே வேலை செய்கிறது.

பிஸ்டன் இறங்கிப் புகை வாசல் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரியும் பகுதியை அந்த அலை எட்டும்போது, குறைந்த அழுத்த அலை ஒன்று எதிரொலித்துத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை உறிஞ்சி எடுக்கிறது. குழாய் மீண்டும் குறுகும் பகுதியிலிருந்து திரும்புவது உயர் அழுத்த அலை. வாசல் மூடுவதற்கு முன், வெளியே தப்பிவந்த புதுப் பெட்ரோல் கலவையை அது சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த விளைவைப் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்காக விரிவாக வளர்த்தெடுத்தார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று, அந்த அறிவை ஜப்பானின் சுசுகிக்குக் கொண்டுபோனது மோட்டார் பந்தய வரலாற்றில் புகழ்பெற்ற கதை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 250 சுற்று. ஒரு சுற்றுக்கு 4 மில்லி நொடி. சூடான புகை வாயுவில் அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். 25 செ.மீ. தூரம் போய்த் திரும்ப அதற்கு 1 மில்லி நொடி ஆகிறது. அதாவது கிராங்க் 90 பாகை திரும்பும் நேரம். இவ்வளவு நுணுக்கமாகப் பொருந்த வேண்டிய அலை, வழியில் ஓர் இடுக்கைக் கண்டால் அங்கேயே பலம் இழந்துவிடும். கார் மெதுவாகப் போகும்போது வித்தியாசம் தெரியாது. வேகம் எடுக்க வேண்டிய இடத்தில்தான் இழுவை இருக்காது. காருடன் வரும் சாதாரணப் பெட்டி வடிவ சைலன்சரில் இந்த இழப்பு குறைவு. டியூன்ட் பைப் மாட்டிய காரில் மிகுதி.

இதைவிடப் பெரிய நஷ்டம் தவறான வைத்தியத்தால் வருவது. நல்லூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். இழுவை குறைந்ததும் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், பிறகு கார்புரேட்டர் ஊசியைத் திருகிக்கொண்டே இருந்தார். “சார், தினமும் ஒரு திருகு திருகறேன், வண்டி தேற மாட்டேங்குது” என்று கொண்டுவந்தார். ஃபிளேஞ்சைச் சுற்றி எண்ணெய்க் கரி வழிந்திருந்ததை அவர் சாதாரண அழுக்கு என்று நினைத்துத் துடைத்து வந்திருக்கிறார். டூ ஸ்ட்ரோக்கில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய், பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. இவ்வகை இன்ஜினில் பொதுவாக 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. கலவையில் பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் குறையும். இன்னும் சில நாள் அப்படியே திருகியிருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும்.

டி.வி.எஸ். 50 ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கரிக் கோடு நன்றாகத் தெரியும். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த அந்த வண்டியும் டூ ஸ்ட்ரோக்தான். பெண்ட் பைப் அருகே கருத்து வழிந்தாலே மெக்கானிக் கேஸ்கட்டை எடுத்துவிடுவார். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டதால், இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழக வாய்ப்பில்லை.

இணைப்பு ஏன் விட்டுப்போகிறது?

சிலிண்டர் அலுமினியம், பெண்ட் பைப் பெரும்பாலும் எஃகு. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே 40 மி.மீ. தூரம் என்றும், சூடு 200 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது என்றும் கொள்வோம். அலுமினியம் சுமார் 0.19 மி.மீ. நீளும், எஃகு சுமார் 0.10 மி.மீ. வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமன் அளவே. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டி ஆறவைக்கும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. அதோடு இன்ஜினின் அதிர்வு வேறு. போல்ட் தளர்கிறது, கேஸ்கட் நசுங்கித் தேய்கிறது, ஃபிளேஞ்ச் மெல்ல வளைகிறது. கீழே விழுந்தோ உருண்டோ சைலன்சர் அடிபட்டால், அந்த அடியும் நெம்புகோல்போல இந்த இணைப்பில்தான் இறங்கும்.

அடைக்கும் முறை

கசிவு என்றதும் பசை வாங்க ஓடுவது வழக்கம். சமதளமான இரு பரப்புகளும், நல்ல கேஸ்கட்டும், சரியாக இறுகிய போல்ட்டும் இருந்தால் பசைக்கு வேலை மிகக் குறைவு. இவை இல்லாத இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

முதலில் இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு பெண்ட் பைப்பைக் கழற்ற வேண்டும். புகை வாசலைத் துணியால் அடைத்து, பிஸ்டனை அதன் கீழ்நிலையிலிருந்து மேலே நகர்த்தி வாசலை மூடிவிட்டு, பழைய கரியையும் கேஸ்கட் துணுக்குகளையும் மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். அலுமினியத்தில் இரும்பு பிளேடு போட்டால் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. மிகப் பழைய கேஸ்கட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு ஃபிளேஞ்ச் சமதளமா என்று பார்க்க வேண்டும். கனமான கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் எமரி பேப்பரை விரித்து, ஃபிளேஞ்சின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்க்கலாம். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஒன்றுபோல அழியும் வரை தேய்த்தால் முகம் சமமாகிவிடும். என் மாணவரின் காரில் போல்ட் துளைகளின் பக்கம் மட்டும் அழிந்து, நடுவில் கோடு அப்படியே இருந்தது. முக்கால் மணி நேரத் தேய்ப்பில் சரியானது.

கேஸ்கட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே நல்லது. செம்பு கேஸ்கட் மட்டும் விதிவிலக்கு. அது நசுங்க நசுங்கக் கடினமாகும். செக்கச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். எஃகு இப்படிச் செய்தால் கடினமாகும், செம்பு நேர்மாறு.

பசை போடத்தான் வேண்டும் என்றால் உயர்வெப்பம் தாங்கும் ஆர்.டி.வி. சிலிக்கோன். நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் சென்னை அனாபாண்ட் நிறுவனத்தின் பசைகள் சுலபமாகக் கிடைக்கும். மெக்கானிக்குகள் எந்த கேஸ்கட் பசையையும் ‘அனாபாண்ட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சிவப்பு ஆர்.டி.வி. வகைகள் தொடர்ந்து சுமார் 260 டிகிரி வரையும், சிறிது நேரத்துக்கு அதற்கு மேலும் தாங்கும். புகை வாயுவின் சூடு இதைவிட மிக அதிகம். அப்படியும் பசை நிற்பதற்குக் காரணம், இரு உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்கும்போது உலோகம் சூட்டை வாங்கிக்கொண்டுபோவதுதான். தாராளமாகத் தடவினால் உள்பக்கம் பிதுங்கி வாயுவில் நேரடியாகக் கருகி, உடைந்து, குழாயின் குறுகிய வாயில் போய் அடைக்கும். தாளில் பசை ஒட்டுவதுபோல மெல்லிசாகப் பூசினால் போதும்.

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்தே இறுகுகிறது. முழுதும் இறுக ஒரு நாள் விட வேண்டும். காய்வதை விரைவுபடுத்த வெயிலில் வைப்பதால் பெரிய பலன் இல்லை. வினிகர் வாசனை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கக்கூடும். இன்ஜினுக்கென்று விற்கும், அந்த வாசனை இல்லாத வகையை வாங்க வேண்டும்.

போல்ட்டுகளை ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போகாமல், மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சாதாரண நீல நிற திரெட் லாக்கர் 150 முதல் 180 டிகிரி வரைதான் தாங்கும் என்பதால், இங்கே உயர்வெப்ப வகையையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது இணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிக்கோன் குழாய் போட்டிருந்தால், உள்ளே இரு உலோகக் குழாய்களின் நுனிகளும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் வாயு நேராகச் சிலிக்கோனைச் சுடும். ஸ்பிரிங்கும் ஓ-ரிங்கும் உள்ள வகையில் ஓ-ரிங்கைத்தான் மாற்ற வேண்டும். இங்கே ஆர்.டி.வி. பசையால் இறுக ஒட்டிவிடுவது தவறு. இந்த இணைப்பு சற்றே அசைய வேண்டும். அசையாவிட்டால் அதிர்வு முழுவதும் ஃபிளேஞ்சுக்குப் போகும். சைலன்சரைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலும் இதே விளைவுதான்.

சோதனை

பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேர்ந்த தொகுதியைச் சோதிக்க, பஞ்சர் கடை வழியே போதும். மாட்டுவதற்கு முன் ஒரு முனையை ரப்பர் தக்கையால் அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஃபிளேஞ்ச் இணைப்பை மாட்டிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவி, சைலன்சர் நுனியை ரப்பரால் மூடிக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் உடலோடு தொடும்படி வைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது வெட்டவெளியில்தான். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும். நம் பகுதியில் விடுமுறை நாளில் காலியாக இருக்கும் கம்பெனி குடோனில் பிள்ளைகள் கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். மூடிய இடம் என்பதோடு, மூலைகளில் பஞ்சுத் தூசி கிடக்கும். இணைப்பிலிருந்து சீறும் சூடான வாயுவுக்கு அது போதும்.

முதல் ஓட்டத்தைப் பத்து நிமிடத்தோடு நிறுத்தி, முழுதும் ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். புது கேஸ்கட் முதல் சூட்டில் சற்று அமுங்கும் என்பதால் இது அவசியம். பின்னர் ஃபிளேஞ்சைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு அதே துணியால் மீண்டும் துடைத்துப் பார்க்கலாம். கரி ஒட்டவில்லை என்றால் கார்புரேட்டர் ஊசியை அதன் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம்.