பெரிய கொடுவா சிக்கினால் எடுக்கலாமா, விடலாமா?

தேவனாம்பட்டினம் அருகே கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரத்திலும், உப்பனாற்றிலும், பிச்சாவரம் வாய்க்கால்களிலும் தூண்டில் போடுபவர்கள் பெரிதும் விரும்புவது கொடுவா மீனைத்தான். எட்டு, பத்து கிலோ மீன் சிக்கினால் அன்று கொண்டாட்டம். ஆனால் அந்த மீனை விட்டுவிடுவதே நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

பெரியது பெரும்பாலும் பெண்

கொடுவா வளர வளரப் பால் மாறும் மீன். முதலில் பெரும்பாலானவை ஆணாகவே முதிர்கின்றன. 1.5 முதல் 2.5 கிலோ வரை ஆண்களே அதிகம். 4 முதல் 6 கிலோவை எட்டும்போது பெரும்பாலானவை பெண்ணாகிவிடுகின்றன. ஆகவே பெரிய மீன்களை மட்டும் தேடிப் பிடித்தால், முட்டையிடும் தாய் மீன்களையே பொறுக்கி எடுக்கிறோம் என்று பொருள். அந்த இடத்துக்கு இன்னொரு தாய் மீன் வரச் சில ஆண்டுகள் ஆகும்.

எடை கூடும்போது முட்டையின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுவது பல மீன் இனங்களில் காணப்படுகிறது. அட்லாண்டிக் கடலின் காட் மீனில், 30 கிலோ பெண் மீன் ஒன்று இடும் முட்டைகள், 2 கிலோ பெண் மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று போடும் தூண்டிலை அது கட்டுப்படுத்தாது. எனவே இங்கே முடிவு உங்கள் கையில்தான்.

எதை எடுக்கலாம்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைவான கொடுவாவையும், 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் தண்ணீரிலேயே விட வேண்டும். நடுத்தர அளவை மட்டும் எடுக்கலாம். நாமும் இந்த வழியைப் பின்பற்றலாம். 2 முதல் 3 கிலோ மீனில் வீட்டுக்குத் தேவையான ஒன்றிரண்டை எடுங்கள். குஞ்சுகளையும், 4 கிலோவுக்கு மேற்பட்டவற்றையும், வயிறு பெருத்த சினை மீனையும் விட்டுவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கொடுவா முட்டையிடுவதால், இனப்பெருக்கக் காலத்தின் அந்த நாட்களில் முகத்துவாரத்தில் கூடுதல் கவனம் தேவை.

மீன்பிடித்துப் பிழைப்பவருக்கு ஒரு பெரிய மீன் பல நாள் செலவுக்கான பணம். அவரிடம் இதைக் கேட்பது எளிதல்ல. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்கள் முதலில் தொடங்கலாம்.

விடும் முறை

• முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் எளிதில் கழற்றலாம்.
• மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றுங்கள். கையை நனைத்த பிறகே தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும்.
• செவுளில் விரல் விடாதீர்கள். வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், வயிற்றுக்கு அடியில் மறு கையைக் கொடுங்கள்.
• முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல், வாயருகே நரம்பை வெட்டிவிடுங்கள்.
• தலை நீரோட்டத்தை எதிர்க்கும்படி பிடித்திருந்து, தானாக வாலடித்த பிறகு விடுங்கள்.

செவுள் கிழிந்து ரத்தம் கொட்டும் மீன் பிழைப்பது அரிது. அதை விட்டுப் பயனில்லை, எடுத்துக்கொள்ளலாம்.