மாரத்தான் ஓட்டம்: தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து!

1984 ஆகஸ்ட் 5. ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கான மாரத்தான் நடந்த நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் மைதானத்தில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் தங்கம் வென்று சுமார் 20 நிமிடங்கள் ஆகியிருந்தன. அப்போது உள்ளே நுழைந்தார் சுவிட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ். வயது 39. உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது கை துவண்டு தொங்கியது. உதவிக்கு ஓடிவந்த மருத்துவக் குழுவினரைக் கையசைத்து விலக்கினார். யாராவது தொட்டால் தகுதி நீக்கம் என்பது அன்றைய விதி.

கடைசி ஒரு சுற்றை முடிக்க அவருக்கு 5 நிமிடம் 44 விநாடிகள் ஆயின. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மருத்துவர்களின் கைகளில் சரிந்தார். 37-வது இடம். வழியில் வைத்திருந்த கடைசி தண்ணீர் மேசையை அவர் தவறவிட்டிருந்தார். அவ்வளவுதான் நடந்த பிழை.

அவருக்கு வியர்வை வந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் ஓட அனுமதித்தார்கள். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இன்னும் முயல்கிறது என்று அதற்குப் பொருள். ஆனால், வியர்க்கிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்தில்லை என்று இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. ஓட்டக்காரர்களுக்கு வரும் வெப்பத் தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஓடும்போது தசைகள் வெப்பத்தைக் கக்குகின்றன. அதை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போக வேண்டும். அதே நேரம் தசைகளும் ரத்தம் கேட்கும். வியர்வையாக நீர் போகப் போக ரத்தத்தின் அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைவதால், ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைய, உடல் சூடு ஏறுகிறது. அதே வேகத்தில்தான் ஓடுகிறோம், ஆனால் மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது, மூளை 'நிறுத்து' என்கிறது.

உடல் எடையில் சுமார் 2 சதவிகிதத்துக்கு மேல் நீர் இழந்தால், அதுவும் வெயிலில், தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். மணிக்கு அரை லிட்டர் முதல் 2 லிட்டர் வரை வியர்வை போகலாம் என்பதால், சிலருக்கு ஒரு மணி நேரத்திலேயே அந்த எல்லை வந்துவிடும்.

ஆனால், இது எல்லோருக்கும் பொருந்தும் கோடு அல்ல. 2009 துபாய் மாரத்தானில் வென்ற எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசிலாசி, அந்த ஓட்டத்தில் தன் எடையில் ஏறக்குறைய 10 சதவிகிதத்தை இழந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது! அப்போது அவர் உலகச் சாதனை வீரர். நம்மில் யாரும் அதை முயன்று பார்க்கத் தேவையில்லை.

குடித்துக்கொண்டே இருந்தால்?

'தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்தவரை குடி' என்ற அறிவுரை ஒரு காலத்தில் பிரபலம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் சுருண்டு விழுந்து உயிரிழந்தார். காரணம், அளவுக்கு மீறிக் குடித்ததால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கியது. அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவிகிதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் மூவருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களும், 4 மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடியவர்களும்தான் இதில் அதிகம் சிக்கினார்கள். மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு, மேசைக்கு மேசை நின்று குடிக்க நேரம் அதிகம்.

அப்படியானால் எவ்வளவு குடிப்பது?

அதற்கு வீட்டில் இருக்கும் எடை மெஷின் போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வை ஊறிய உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிலோ குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், நீங்கள் இழந்தது ஒன்றரை லிட்டர். இழந்த மொத்தத்தையும் ஓடும்போதே நிரப்ப வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, எடை பெரிதாக இறங்காமலும், முக்கியமாக ஏறாமலும் பார்த்துக்கொண்டால் போதும். வெயில் நாளுக்கும் பனிக்காலத்துக்கும் கணக்கு மாறும்.

சென்னைக் கடற்கரையில் ஓடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அது சொட்டிக் கீழே விழுகிறது. நீரும் போகிறது, சூடும் தணிவதில்லை.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்பு போட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ் கரைசலோ சோடியத்தையும் சேர்த்துத் தரும். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, உளறினாலோ, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடல் கொதித்தால் நிழலில் படுக்கவைத்து, மேலே குளிர்ந்த நீரை ஊற்றி, 108-ஐ அழையுங்கள்.