ஒரே விரல், இரண்டு நிமிடம், இரண்டு சுகர் அளவு: குளுக்கோமீட்டரை எப்போது நம்பலாம்?

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. கம்பெனி ஹெல்த் செக்-அப்பில் ‘சுகர்’ என்று வந்துவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வீட்டிலேயே ஒரு மீட்டர் வாங்கிப் பார்த்துக்கோங்க" என்கிறார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் 187. நம்ப முடியாமல் அதே விரலில் மறுபடி பார்த்தால் 161. எது உண்மை? மீட்டர் பழுதா? இதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட பலருக்கும் முதல் வாரத்தில் வரும் கேள்விகள் இவை. திருவனந்தபுரம் போன்ற ஊரில் இது அக்கம்பக்கத்து விஷயமும்கூட. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, 20 வயதைத் தாண்டியவர்களில் கேரளாவில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். நாட்டின் சராசரி 11.4 சதவீதம்.

மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பி மருந்தை மாற்றுவது ஆபத்து. ‘இது சும்மா தப்பா காட்டுது’ என்று தூக்கிப் போடுவதும் ஆபத்து. எண் சந்தேகமாக இருந்தால் எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது என்று பார்க்கலாம்.

இரண்டு எண்ணுமே சரியாக இருக்க முடியுமா?

முடியும். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 15197:2013. லேப் அளவு 100-க்கு மேல் இருந்தால், மீட்டர் காட்டும் அளவுகளில் 95 சதவீதம் அதிலிருந்து 15 சதவீதத்துக்குள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது இந்தத் தரம். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி. வரை வித்தியாசம் இருக்கலாம்.

உங்கள் உண்மையான அளவு 174 என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 சதவீதம் என்றால் சுமார் 26. அப்படின்னா 148 முதல் 200 வரை எது காட்டினாலும் மீட்டர் தரத்துக்கு உட்பட்டுத்தான் வேலை செய்கிறது. 187-ம் சரி, 161-ம் சரி. ஒரு தனி எண்ணைவிட, ஒரே நேரத்தில் பல நாட்கள் எடுத்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே டாக்டருக்கு உதவும். அதனால் மீட்டரில் தேதியையும் நேரத்தையும் முதல் நாளே சரியாக வைத்துவிடுங்கள்.

அதே விரலில் 110-ம் 210-ம் வந்தால்? அது வழக்கமான வித்தியாசம் இல்லை. காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் சந்தேகம்: கை

ஏத்தன் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தினால் என்ன ஆகும்? விரலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரை ரத்தத் துளியில் கலக்கும். ஸ்ட்ரிப்புக்குத் தேவைப்படுவது மிகச் சிறிய துளி. அதில் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை கலந்தாலே எண் எகிறிவிடும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2011-இல் சோதித்துப் பார்த்தார்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் அளவு தவறாக உயர்ந்தே வந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவியபோதுதான் சரியானது. அதனால் சோப்பும் தண்ணீரும் போதும், ஆனால் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரக் கை ரத்தத்தை நீர்த்துப்போக வைத்து அளவைக் குறைத்துக் காட்டலாம்.

ஏ.சி. அறையில் விரல் சில்லிட்டுப் போயிருந்தால் ரத்தம் வராது. அப்போது விரல் நுனியைப் பிதுக்கி எடுக்காதீர்கள், ஏன்னா திசுநீரும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். கை கழுவ வழியே இல்லாவிட்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது சந்தேகம்: ஸ்ட்ரிப்

ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸுடன் வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். மீட்டர் அளப்பது அந்த மின்னோட்டத்தைத்தான். அந்த நொதிக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் திருவனந்தபுரத்தில் துணியே காயாது. அந்தக் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் மட்டும் தப்புமா? டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை உடனே அழுத்தி மூடுங்கள். ‘ஆபீஸுக்கு நாலு போதும்’ என்று வேறு டப்பாவிலோ பர்ஸிலோ மாற்றி வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய கார், ஸ்கூட்டர் சீட்டின் அடிப்பெட்டி இரண்டும் தவிர்க்க வேண்டிய இடங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்.

காலாவதித் தேதி இரண்டு உண்டு. ஒன்று டப்பாவில் அச்சிட்டிருப்பது. இன்னொன்று திறந்த நாளிலிருந்து கணக்கிடுவது. பல பிராண்டுகளில் இது 3 அல்லது 6 மாதம். திறந்த தேதியை டப்பாவிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். கோடு எண் கேட்கும் பழைய வகை மீட்டர் என்றால், புது டப்பா திறக்கும்போது அந்த எண் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

திரையில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால்?

‘எர்’ என்று வந்தால் பெரும்பாலும் ரத்தம் போதவில்லை, ஸ்ட்ரிப் ஏற்கெனவே பயன்படுத்தியது அல்லது ஈரமானது என்று அர்த்தம். ஒரு துளி வைத்து, போதவில்லை என்று இன்னொரு துளி சேர்க்காதீர்கள். புது ஸ்ட்ரிப் எடுங்கள். பேட்டரி சின்னம் மின்னினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

‘ஹை’, ‘லோ’ இரண்டும் கோளாறு அறிவிப்புகள் அல்ல. பல மீட்டர்களில் 600-ஐத் தாண்டினால் ‘ஹை’, 20-க்குக் கீழே போனால் ‘லோ’. கை கழுவி உடனே இன்னொரு முறை பாருங்கள். அதே வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அளவு 7.8 என்று வருகிறதா? மீட்டர் சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வாங்கி வந்ததாக இருக்கலாம். அங்கே மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய கணக்கு கிடைக்கும்: 7.8 என்றால் 140.

லேப் ரிப்போர்ட்டோடு எப்படி ஒப்பிடுவது?

காலையில் வீட்டில் பார்த்ததையும் மதியம் லேபில் கொடுத்ததையும் ஒப்பிடக் கூடாது. மீட்டரை லேபுக்கே எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றில், ஊசி போட்டு ரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள், கழுவிய விரலில் குத்திப் பாருங்கள். வெறும் வயிறு ஏன் முக்கியம்? சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் குளுக்கோஸ் நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும், சிலருக்கு 20 மி.கி.க்கு மேலும்.

லேப் அளவும் தவறலாம். எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் அப்படியே வைத்திருந்தால், ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும்.

மீட்டரைச் சோதிக்கவே ‘கன்ட்ரோல் சொல்யூஷன்’ என்ற திரவம் இருக்கிறது. ரத்தத்துக்குப் பதிலாக இதில் ஒரு துளி. ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் எண் வந்தால் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் நலம். பெட்டியோடு வராவிட்டால் கடையிலோ நிறுவனத்திடமோ கேளுங்கள்.

மீட்டர் நல்லது, ஆனாலும் எண் தவறு: எப்போது?

ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். டெங்குவில் ரத்தம் கெட்டியாகும்போது குறைத்துக் காட்டலாம். அதிக அளவு வைட்டமின் சி சில மீட்டர்களை ஏமாற்றும். சிறுநீரக நோயாளிகள் வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்தினால், சிலவகை ஸ்ட்ரிப்கள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். உண்மையில் சுகர் தாழ்ந்திருக்கும், திரையில் உயர்ந்திருக்கும், அதை நம்பி இன்சுலின் போடுவார்கள். இப்படி 1997 முதல் 2009 வரை 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2009-இல் எச்சரித்தது. உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் மீட்டர் வாங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கோளாறு உறுதியானால் யாரிடம் சொல்வது?

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லுங்கள். மீட்டரின் வரிசை எண், ஸ்ட்ரிப்பின் லாட் எண், பில் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிட வேண்டாம். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 ஜூலை 6 அன்று மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. இதை காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. தொடங்கியபோது இதன் தேசிய ஒத்துழைப்பு மையமாக இருந்தது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம். இந்தியாவிலேயே உருவான இதய வால்வைத் தந்த அதே ‘ஸ்ரீ சித்ரா’தான். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். உங்கள் லாட்டில் உள்ள குறை இன்னும் எத்தனையோ பேரின் டப்பாவிலும் இருக்கலாம்.

எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறு சொல்கிறது. எதைக் கேட்பது?

உடம்பைத்தான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் இருக்கிறது, மீட்டர் 95 காட்டுகிறது என்றால், 15 மி.கி. வித்தியாசத்தை மனதில் வைத்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, பார்க்க வசதி இல்லாவிட்டாலோ, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். அளவு திரும்பத் திரும்ப 300-க்கு மேல் இருந்து, வாந்தி, மூச்சிரைப்பு, அசதி சேர்ந்தால் அதுவும் அவசரம்தான்.

மற்ற நாட்களில், எண் விநோதமாக வந்தால் கை கழுவுங்கள், புது ஸ்ட்ரிப் போடுங்கள், மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். அதுவரை மாத்திரை அளவில் கை வைக்காதீர்கள்.