வெளிநாட்டுப் படிப்பு: விசாக் கோப்பை நீங்களே தயார்செய்யுங்கள்

2023-ஆம் ஆண்டு கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் தெருவோரம் கூடாரம் போட்டுப் போராடினார்கள். பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். படிப்பை முடித்து, வேலையும் பார்த்து, நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது: சில ஆண்டுகளுக்கு முன் விசாவுக்காக வைத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலி. கடிதத்தைத் தந்தவர் ஜலந்தரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு முகவர். அந்தக் கல்லூரியில் இடம் இல்லாமல் போய்விட்டது, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று பிறகு சொல்லிச் சமாளித்திருக்கிறார். விண்ணப்பத்தில் அவருடைய பெயரே கிடையாது. மாணவர் தானே விண்ணப்பித்ததாகத்தான் பதிவாகியிருந்தது. அந்த முகவர் 2024-இல் கனடா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் நாடு கடத்தும் கடிதம் முதலில் வந்தது மாணவர்களுக்குத்தான்.

புதுக்கோட்டைப் பெற்றோர் இதைப் பஞ்சாப் செய்தி என்று ஒதுக்க முடியாது. அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போகாத தெரு அபூர்வம். 'ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்' என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சி அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி சான்றிதழ் வரி கட்டுவதற்கானது. அதை அரசு உரிமம் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள்.

கோப்பு சேர்ப்பதில் நம் பிள்ளைகளுக்கு முதல் சிக்கல் பெயரில் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு 'கார்த்திகா மு' என்றிருக்கும். ஆதாரில் 'கார்த்திகா முருகேசன்'. அப்பாவின் பெயர் ஒரு தாளில் முருகேசன், வங்கிக் கணக்கில் முருகேசு. ஊருக்குள் இது யாருக்கும் குழப்பமில்லை. தூதரக அதிகாரி ஊருக்குள் இல்லை. அவருக்கு இவை இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது.

ஆகவே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் எடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுங்கள். நம் மாவட்டம் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். நீங்களே இணையத்தில் கட்டலாம். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே ஏறாமல் இருந்தால், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் எழுத்துப் பிழை இருந்தால் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு எழுத வேண்டும். மாதக்கணக்கில் ஆகக்கூடிய வேலை இது. கல்லூரி மதிப்பெண்களின் டிரான்ஸ்கிரிப்ட் பாரதிதாசன் பல்கலைக்கழகமோ அண்ணா பல்கலைக்கழகமோ தர வேண்டியது. வேறு எவரும் 'ஏற்பாடு' செய்து தர முடியாது. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் என்ற சான்றிதழும் பெற வேண்டும். படிப்புச் சான்றுகள் உண்மையானவையா என்று அதற்காக ஆராய்வார்கள்.

அடுத்தது பணம். அதிகப் பொய் நுழைவது இந்த இடத்தில்தான். சில வாரங்களுக்கு வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டி எடுத்துவிடும் 'ஷோ மணி' பழக்கம் பல ஊர்களில் உண்டு. பிரிட்டன் விதிப்படி தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அந்தப் பணம் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவோ தாய்மாமனோ எவ்வளவு வைத்திருந்தாலும் அவர் கணக்கைக் காட்ட முடியாது. பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் வைக்க வேண்டும். அப்பாவின் பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இங்கே புரியும்.

வங்கிக் கல்விக் கடன் நேர்மையான வழி. பொதுவாக 4 லட்சம் வரை பிணை இல்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை அடமானம் கேட்பார்கள். கூட்டுப் பட்டாவில் கிடக்கும் நிலத்தை வங்கி எளிதில் ஏற்காது. பட்டாவைப் பிரிப்பதும் வில்லங்கச் சான்று எடுப்பதும் முன்கூட்டியே நடக்கட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பார்க்க வேண்டும். தகுதி இருந்தும் கேள்விப்படாமலே கடன் வாங்கிவிடக் கூடாது.

பொய்த் தாளின் விலை விசா மறுப்போடு நிற்பதில்லை. பொய்யான ஆவணம் வைத்தால் கனடா 5 ஆண்டும், பிரிட்டன் 10 ஆண்டு வரையும் கதவை அடைக்கும். அமெரிக்காவில் அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். முகவர் செய்தார், எனக்குத் தெரியாது என்ற பதில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. எனவே விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் மாணவருடையதாக இருக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி, உங்கள் பெயரும் எண்ணும் அவர்கள் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு மின்னஞ்சல் கனடா மாணவர்களைக் காப்பாற்றியிருக்கும். சமர்ப்பிக்கும் முன் முழு விண்ணப்பத்தையும் படியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் ஊரில் ஓர் ஆசிரியரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சென்னையில் உள்ள விஎஃப்எஸ் மையம் தாள்களை வாங்கி அனுப்பும் இடம் மட்டுமே. அங்கே ஆள் தெரியும் என்று பணம் கேட்பவர் பொய் சொல்கிறார்.

மீதிப் பணம் கட்டும்வரை பாஸ்போர்ட்டையும் மூலச் சான்றிதழ்களையும் பிடித்துவைக்கும் வழக்கம் சில கன்சல்டன்சிகளிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில் சொன்னது. காவல்துறைக்கே இல்லாத அதிகாரம் கன்சல்டன்சிக்கு எப்படி வரும்? கல்லூரிகளும் மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. நகலைக் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உள்ளே இருக்க வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் வாட்ஸ்அப் செய்திகளும் குரல் பதிவுகளும் சாட்சியாக உதவும், அவற்றை அழிக்காதீர்கள். போலி ஆவணம், மோசடி என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களும் பெண்களும் 15100-இல் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கன்சல்டன்சி சென்னையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பாதிப்பு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.